பெயர் சுட்டாத காதல்: பட்டியல் ஏறிய பாடல்களும் அகமரபின் ஒரு விதியும்

(தமிழ்த்துறை ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பாடல்களை ஒலிக்கவிட்டு விளக்கிய இடங்களும் கிளைப்பேச்சுகளும் சுருக்கப்பட்டுள்ளன.)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் சிலர், "அகப்பொருள் பற்றிப் பேசுவதற்காக வைத்த அறக்கட்டளையில் ஆங்கிலப் பாட்டுக்கும் இசைத்தட்டு விற்பனைக்கும் என்ன வேலை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சுற்றி வளைக்காமல் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எந்தப் பாட்டு எவ்வளவு விற்றது, எத்தனை முறை வானொலியில் ஒலித்தது என்று வாரந்தோறும் எண்ணிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காதல் பாடலின் வரவேற்பைப் பற்றி இவ்வளவு நீளமான, தேதி போட்ட ஆவணம் ஆராய்ச்சியாளனுக்குக் கிடைப்பது அரிது. அந்தப் பட்டியல்களின் உச்சிக்குப் போன காதல் பாடல்கள் எப்படிப் பிறந்தன என்று தேடிக்கொண்டே போனால், ஒரே செய்தி திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. யாரை எண்ணி, எந்த நெருக்கடியில் பாட்டு எழுதப்பட்டதோ, அந்தச் சுவடு உதிர்ந்த பிறகே பாட்டு ஊருக்குச் சொந்தமாகிறது. அகப்பாட்டில் ஆள் பெயர் சுட்டக் கூடாது என்று நம் இலக்கணம் வகுத்த விதியின் பயனை, அந்த விதியைக் கேள்விப்பட்டே இராத ஒரு சந்தை நடைமுறையில் கண்டடைந்திருக்கிறது. இதுதான் இன்றைய என் கருத்து. இதை எட்டுக் குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. கணக்கு எழுதிய விதம்

'பில்போர்டு' 1894இல் சின்சினாட்டி நகரில், சுவரொட்டி, விளம்பரத் தொழிலில் இருந்தவர்களுக்காகத் தொடங்கிய வணிக இதழ். கடைகளில் அதிகம் விற்ற இசைத்தட்டுகளை நாடு தழுவிய அளவில் எண்ணி, 1940 ஜூலை 27 அன்று அது வரிசைப்படுத்தி வெளியிட்டது. முதல் இடம் டாமி டார்ஸி இசைக்குழுவின் 'ஐ'ல் நெவர் ஸ்மைல் அகெய்ன்' என்ற பாட்டுக்கு. பாடியவர் 24 வயது ஃபிராங்க் சினாட்ரா. எழுதியவர் டொராண்டோவைச் சேர்ந்த ரூத் லோ என்ற பியானோக் கலைஞர். மணமாகி நெடுநாள் ஆவதற்குள், 1939இல், கணவரைப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தில் பிறந்த பாட்டு 12 வாரம் முதலிடத்தில் இருந்தது.

வாங்கியவர்கள் எல்லோரும் கைம்பெண்களா? கனடா 1939 செப்டம்பரிலேயே போரில் இறங்கிவிட்டது. 1940 செப்டம்பரில் அமெரிக்கா கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. எழுதியவருக்குப் போனவர் திரும்பி வரமாட்டார். கேட்டவர்கள் திரும்பி வருவார் என்று காத்திருந்தவர்கள். நம் கணக்கில் சொன்னால், நெய்தலின் இரங்கலாகப் பிறந்தது முல்லையின் இருத்தலாகக் கேட்கப்பட்டது.

பிரிட்டனில் இந்தக் கணக்கு பிந்தித் தொடங்கியது. 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழின் பெர்சி டிக்கின்ஸ், இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, என்ன விற்றது என்று கேட்டுத் தொகுத்தார். 1952 நவம்பர் 14 அன்று வெளிவந்த அந்த முதல் பட்டியலின் உச்சியில் அல் மார்ட்டினோ பாடிய 'ஹியர் இன் மை ஹார்ட்'. அதுவும் காதல் பாட்டு. 9 வாரம் நின்றது.

பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நீண்ட காலம், கடையில் தனி இசைத்தட்டாக விற்காத பாட்டுக்குப் பில்போர்டின் 'ஹாட் 100' பட்டியலில் இடமே கிடையாது. 'நோ டவுட்' குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' வானொலிப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. அது பாடகி க்வென் ஸ்டெஃபானியும் அதே குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் டோனி கனாலும் பிரிந்ததை ஒட்டிப் பிறந்த பாட்டு. அமெரிக்காவில் தனித்தட்டாக விற்கப்படாததால் 'ஹாட் 100'இல் அது தலையே காட்டவில்லை. 1998 டிசம்பரில் அந்த விதி தளர்ந்தது. 1994இல் வந்த மரையா கேரியின் 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்மஸ் இஸ் யூ' 25 ஆண்டு கழித்து, 2019 டிசம்பரில்தான் முதலிடம் பிடித்தது. பாட்டு மாறவில்லை. இணையத்தில் கேட்பதையும் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே பட்டியல் காட்டும் இடத்தை நான் பாட்டின் தரமாகக் கொள்ளவில்லை. எத்தனை பேர் அந்தப் பாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதற்கான, குறையுள்ள சான்றாக மட்டுமே கொள்கிறேன்.

2. விதி என்ன சொல்கிறது

அன்பின் ஐந்திணையில் வரும் மாந்தரை இயற்பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றுதான் வரலாம். இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு மாணவர்கள் அறிந்த சான்று நெடுநல்வாடை. கூதிர்கால இரவில் அரண்மனையில் பிரிந்திருக்கும் அரசி ஒரு பக்கம். பாசறையில் புண்பட்ட வீரரை நலம் விசாரித்தபடி நடக்கும் அரசன் மறுபக்கம். நக்கீரர் எங்கும் பெயர் சொல்லவில்லை. ஆனால் அரசனோடு செல்பவன் கையிலிருக்கும் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அந்தத் தழையைப் பிடித்துக்கொண்டு, இது இன்னாரைச் சுட்டிவிட்டது, ஆகவே அகமன்று, புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பு எழுதினார்.

188 அடிப் பாட்டின் திணையை ஒரு தழை மாற்றிவிடுகிறது. இந்த விதிக்கு உரைகாரர்கள் வெவ்வேறு காரணம் கற்பிக்கலாம். எனக்கு முக்கியம் அதன் விளைவு. பெயரில்லாத தலைவியின் இடத்தில் யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். அவள் பாண்டிமாதேவி என்று தெரிந்த கணத்தில் நாம் வெளியே வந்து வேடிக்கை பார்ப்பவர்கள் ஆகிவிடுகிறோம்.

இந்த வேப்பந்தழையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

3. விடைபெறும் கடிதம் காதல் பாட்டான கதை

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்ற பாட்டைத் தெரியாதவர்கள் இந்த அரங்கில் குறைவு. விட்னி ஹூஸ்டன் குரலில் 1992 நவம்பர் இறுதியில் 'ஹாட் 100'இன் உச்சிக்குப் போய் 14 வாரம் இறங்காமல் இருந்தது. பிரிட்டனில் 10 வாரம்.

பாட்டை எழுதியவர் டாலி பார்ட்டன். நாட்டுப்புற இசை எனப்படும் 'கன்ட்ரி' இசையில் புகழ்பெற்றிருந்த போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1967இல் சேர்ந்தவர். சில ஆண்டுகளில் தனியே போக விரும்பினார். வேகனர் விடுவதாக இல்லை. வாதாடிப் பயனில்லை என்று கண்டு, 1973இல் இந்தப் பாட்டை எழுதி அவர் முன்னால் பாடியதாகப் பார்ட்டன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதாவது இது ஒரு பணியாளர் தம்மை வளர்த்த முதலாளியிடம் விடைபெறும் பாட்டு. பிரிவும் சுமுகமாக முடியவில்லை. 1979இல் வேகனர் ஒப்பந்தமீறல் வழக்குத் தொடுத்தார், பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆயிற்று.

இப்போது பாட்டின் பயணத்தைப் பாருங்கள். 1974இல் பார்ட்டனின் குரலில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். அவருடைய மேலாளர் டாம் பார்க்கர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். பார்ட்டன் மறுத்துவிட்டார். 1975இல் லிண்டா ரான்ஸ்டட் பாடினார். 1982இல் ஒரு திரைப்படத்துக்காகப் பார்ட்டனே மீண்டும் பாட, கன்ட்ரி பட்டியலில் மறுபடி முதலிடம். ஆனால் இத்தனைக்கும் அது கன்ட்ரி ரசிகர்களின் வட்டத்துக்குள்தான் முதலிடம். பார்ட்டனும் வேகனரும் யார் என்று தெரிந்த வட்டம் அது.

1992இல் 'தி பாடிகார்டு' படத்துக்கு வேறொரு பழைய பாட்டைத்தான் முதலில் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது இன்னொரு படத்தில் வந்துவிட்டதால், நாயகன் கெவின் காஸ்ட்னர் இந்தப் பாட்டைப் பரிந்துரைத்தார். தொடக்கத்தில் வாத்தியமே கூடாது, குரல் மட்டும் ஒலிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. வானொலி நிலையங்கள் இதை ஏற்குமா என்று இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கவலை. முதல் அரை நிமிடத்துக்கும் மேலாக ஒரு பெண்குரல் மட்டும். கிட்டார் இல்லை, ஃபிடில் இல்லை, நாஷ்வில் நகரத்தின் அடையாளமாக ஒரு சத்தமும் இல்லை. வேலில் கட்டியிருந்த வேப்பந்தழையை அவிழ்த்தது போல, இந்தப் பாட்டு எந்த ஊர், எந்த இசைப்பிரிவு என்று காட்டிக்கொடுக்கும் எல்லாவற்றையும் முதலிலேயே களைந்துவிட்டார்கள்.

இந்தப் பதிவைத் தயாரித்த டேவிட் ஃபாஸ்டர் வேலைக்கு எடுத்துக்கொண்டது ரான்ஸ்டட்டின் பதிவை. அதில் பிரிந்து போகிறவள் மற்றவரை வாழ்த்தும் கடைசிப் பகுதி இல்லை. அதைப் பார்ட்டன் எடுத்துச் சொல்லிச் சேர்க்க வைத்தார். அந்த வாழ்த்துதான் பாட்டின் உயிர். அது பழைய முதலாளியையும் வாழ்த்தும், காதலனையும் வாழ்த்தும். உறவின் வகையைச் சொல்லாமல் உறவின் மதிப்பை மட்டும் சொல்லியிருந்ததால் பாட்டு இடம்பெயர முடிந்தது. 2012 பிப்ரவரியில் விட்னி ஹூஸ்டன் இறந்தபோது ரசிகர்கள் அதே பாட்டை அவருக்கே திருப்பிப் பாடினார்கள். பில்போர்டு பட்டியலில் மூன்றாமிடம் வரை மறுபடி ஏறியது.

4. வேகத்தைக் குறைத்தவர்

இரண்டாவது சான்றில் சந்தர்ப்பத்தை உதிர்த்தது தாளம். ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த ஆங்கிலேய நாட்டுப்பாடகர் யூவன் மக்கால், 1957இல் தாம் காதலித்த பெகி சீகருக்காக எழுதியது 'தி ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்'. சீகர் அப்போது அமெரிக்காவில் இருந்தார். மக்கால் பொதுவுடைமையாளர் என்பதால் அவருக்கு அமெரிக்கா போக வழியில்லை. தொலைபேசியில் பாடியே பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். எழுதியவருக்கும் பெற்றவருக்கும் இடையே இவ்வளவு துல்லியமான முகவரியோடு பிறந்த பாட்டு வேறு கிடைப்பது கடினம். நாட்டுப்பாடகர்கள் பலர் அதை விரல்நுனிக் கிட்டாரோடு துரிதமாகப் பாடினார்கள்.

ராபர்ட்டா ஃபிளாக் 1969இல் 'ஃபர்ஸ்ட் டேக்' தொகுப்புக்குப் பாடியபோது அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் விளம்பகாலப் பாட்டாக்கினார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே பியானோ காத்திருக்கும். அந்த மௌனத்தில்தான் கேட்பவன் தன் நினைவை வைக்கிறான். தொகுப்பு வந்தபோது பெரிய விற்பனை இல்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட் கார் ஓட்டிப் போகும்போது வானொலியில் கேட்டு, 2,000 டாலர் கொடுத்துத் தம் முதல் இயக்கமான 'பிளே மிஸ்டி ஃபார் மீ' படத்தில் 1971இல் வைத்தார். 1972இல் பாட்டு 6 வாரம் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு கிராமி விருதும் வந்தது. மக்காலுக்கோ மற்றவர்கள் பாடிய வடிவங்கள் பிடிக்கவில்லை. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. அவர் ஒருத்திக்கு எழுதிய பாட்டு அது.

5. படம் எழுதும் துறைக்குறிப்பு

சொன்ன இரண்டு பாட்டுகளிலும் ஒரு திரைப்படம் குறுக்கிட்டதைக் கவனித்திருப்பீர்கள். இது தற்செயல் அன்று. நம் குறுந்தொகை, நற்றிணைப் பாட்டுகளின் கீழே 'பிரிவிடை ஆற்றாளாகிய தலைமகள் தோழிக்கு உரைத்தது' என்பது போன்ற குறிப்புகள் இருக்கின்றன அல்லவா? அவற்றைப் புலவர் எழுதவில்லை, தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ எழுதியவை. அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு வேறு துறை பொருத்திப் படிக்கவும் முடியும். உரைகாரர்களே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆங்கிலக் காதல் பாட்டுக்குத் திரைப்படம் செய்வது இதே வேலை. பழைய சந்தர்ப்பம் உதிர்ந்த பாட்டுக்குப் புதிய துறைக்குறிப்பு எழுதித் தருகிறது. நம் சினிமாக்காரர்கள் இதைத்தான் 'சிச்சுவேஷன்' என்கிறார்கள்.

சரியான எடுத்துக்காட்டு 'அன்செயின்ட் மெலடி'. 1955இல் 'அன்செயின்ட்' என்ற சிறைச்சாலைப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் இசையமைக்க, ஹை ஸாரட் எழுதியது. படத்தில் ஒரு கைதி பாடுவதாக வரும். ஆனால் ஸாரட் பாட்டுக்குள் சிறையைக் கொண்டுவரவில்லை. தொலைவில் இருக்கிறவளுக்கான ஏக்கம் மட்டுமே இருக்கிறது. படம் மறைந்தது, பாட்டு பிழைத்தது. அந்த ஆண்டே பிரிட்டனில் ஒரே நேரத்தில் நான்கு பேருடைய பதிவுகள் பட்டியலில் இருந்தன. ஜிம்மி யங்கின் பதிவு முதலிடம் பெற்றது. 1965இல் 'ரைட்டியஸ் பிரதர்ஸ்' பெயரில் பாபி ஹாட்ஃபீல்டு தனியாகப் பாடிய வடிவம் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்தது. வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்காவில் நான்காமிடம் வரை போனது. 1990இல் 'கோஸ்ட்' படத்தில் குயவன் சக்கரத்தின் முன்னால் இருவர் அமர்ந்திருக்கும் காட்சியில் அதே பழைய பதிவு ஒலித்தது. 25 ஆண்டு கழித்துப் பிரிட்டனில் முதலிடம். பிறகு 1995இல் ராப்சன், ஜெரோம் என்ற இரண்டு தொலைக்காட்சி நடிகர்கள், 2002இல் போட்டி நிகழ்ச்சியில் வந்த கேரத் கேட்ஸ். ஒரே பாட்டு நான்கு வெவ்வேறு பாடகர்களைப் பிரிட்டனின் முதலிடத்தில் ஏற்றியிருக்கிறது. கைதியைப் பற்றி இவர்களில் யாருக்கும் கவலையில்லை.

இன்னொன்று 'லவ் இஸ் ஆல் அரவுண்ட்'. 'ட்ராக்ஸ்' குழுவின் ரெக் பிரெஸ்லி, சால்வேஷன் ஆர்மியின் கிறித்தவ இசைக்குழுவைத் தொலைக்காட்சியில் பார்த்த உந்துதலில் எழுதியது. 1967இல் பிரிட்டனில் ஐந்தாமிடம். பக்தியில் தொடங்கிக் காதலுக்கு வந்த பாட்டு. 1994இல் 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃபியூனரல்' படத்துக்காக 'வெட் வெட் வெட்' குழு பாடியபோது 15 வாரம் முதலிடத்தில் நின்றது. கேட்டுக் கேட்டு ஊரே சலித்துப்போக, குழுவினரே விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். 1991இல் 'ராபின் ஹூட்' படத்துக்காகப் பிரையன் ஆடம்ஸ் பாடிய பாட்டு பிரிட்டனின் முதலிடத்தில் தொடர்ந்து 16 வாரம் இருந்தது. அந்தப் படத்திலோ பாட்டு, கடைசியில் பெயர்கள் ஓடும் இடத்தில் ஒதுக்கப்பட்டிருந்தது.

6. கேட்பவர் மாற்றும் பொருள்

பாடுபவரும் படமும் மட்டும் சந்தர்ப்பத்தை உதிர்ப்பதில்லை. கேட்பவர்களே பிய்த்து எறிவதும் உண்டு. 'தி போலீஸ்' குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' 1983இல் அமெரிக்காவில் 8 வாரம், பிரிட்டனில் 4 வாரம் முதலிடம். குழுவின் பாடகர் ஸ்டிங் தம் முதல் திருமணம் முறிந்துகொண்டிருந்தபோது, ஜமைக்காவில் நாவலாசிரியர் இயான் ஃபிளெமிங் வாழ்ந்த 'கோல்டன் ஐ' வீட்டில் தங்கி எழுதியது. பிரிந்து போனவளின் ஒவ்வோர் அசைவையும் கண்காணிப்பேன் என்று சொல்லும் குரல் அது. பயமுறுத்தும் பாட்டு என்று எழுதியவரே பலமுறை சொல்லிவிட்டார். கேட்டவர்கள் அதைத் திருமண வரவேற்பில் போட்டார்கள். பெருந்திணையை ஐந்திணையாக்கிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

அதோடு முடியவில்லை. 1997இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.க்காகப் பஃப் டாடியும், இறந்தவரின் மனைவி ஃபெய்த் எவன்ஸும் அதே இசையின்மேல் 'ஐ'ல் பி மிஸ்ஸிங் யூ' பாடினார்கள். 11 வாரம் அமெரிக்காவின் முதலிடம். நம் மரபில் இதற்குப் பெயர் கையறுநிலை. இறந்தவர் இன்னார் என்பது உலகறிந்த செய்தி. ஆகவே அது புறம். கண்காணிப்பு, கல்யாணம், சாவு என்று மூன்றுக்கும் ஒரே கிட்டார் மெட்டு பயன்பட்டிருக்கிறது. பெயர் வந்த இடத்தில் திணை மாறியது என்பதும் நம் விதிக்கு ஒத்தே போகிறது.

7. ஒரு மறுப்பும் விடையும்

இந்த உரையை முன்கூட்டிப் படித்த ஆய்வு மாணவி ஒருவர் கேட்டார்: "ஐயா, பெயர் வைத்த காதல் பாட்டுகள் எத்தனையோ ஜெயித்திருக்கின்றனவே?" உண்மைதான். அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

படி ஹாலியின் 'பெகி சூ' 1957இல் அமெரிக்காவில் மூன்றாமிடம் வரை போனது. அது முதலில் 'சிண்டி லூ'. ஹாலியின் சகோதரி மகளின் பெயரை ஒட்டியது. டிரம்ஸ் வாசித்த ஜெரி ஆலிசன் தம் காதலியின் பெயரை வைக்கச் சொல்ல, மாற்றினார்கள். ஒரு நண்பர் கேட்டதும் மாறிவிடுகிற பெயர் யாரையும் சுட்டவில்லை, ஓசைக்காக அமர்ந்திருக்கிறது. டாலி பார்ட்டனின் 'ஜோலீன்' பாட்டில் கணவனை மயக்கும் ஒருத்தி வருகிறாள். அவளுக்குத் தூண்டுதல் ஒரு வங்கி ஊழியர். பெயரோ, கையெழுத்துக் கேட்டு வந்த ஒரு சிறுமியுடையது. உண்மையான ஆளை விட்டுவிட்டுப் பெயரை வேறிடத்தில் கடன் வாங்கியிருக்கிறார்.

எரிக் கிளாப்டனின் 'லெய்லா' இன்னும் நுட்பமானது. அவர் காதலித்தது பேட்டி பாய்டை. அப்போது அவர் கிளாப்டனின் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி. அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. ஆகவே 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவி நிஜாமியின் காவியத்திலிருந்து லெய்லா என்ற பெயரை எடுத்தார். மஜ்னூனைப் பித்தாக்கிய அந்தப் பெயர், கீழ்த்திசைக் காதல் கதையில் ஏறக்குறைய 'தலைவி' என்பதற்கு ஈடானது. பாட்டு 1971இல் அமெரிக்காவில் 51ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 1972இல் மீண்டும் வெளியிட்டபோது பத்தாமிடம். கிளாப்டன் பாய்டை 1979இல் மணந்து, அந்த மணமும் முறிந்த பின், 1992இல் மின்வாத்தியம் இல்லாமல் நிதானமாகப் பாடியபோது 12ஆம் இடம். காதல் முடிந்தும் பாட்டு முடியவில்லை என்றால், பாட்டு பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணை மட்டும் அல்ல என்றுதான் பொருள்.

8. உதிர்வதன் விலை

இதுவரை பாட்டின் பக்கம் நின்றே பேசினேன். எழுதியவர் பக்கமும் நிற்க வேண்டும். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் புலவர்கள் இருக்கிறார்கள். சொந்தப் பெயர் தொலைந்து, பாட்டிலுள்ள தொடரே பெயரானவர்கள். சந்தையில் பெயர் தொலைந்தால் பணமும் தொலையக்கூடும்.

வேல்ஸில் உருவான 'பேட்ஃபிங்கர்' குழுவின் பீட் ஹாம், டாம் எவன்ஸ் இருவரிடமும் ஆளுக்கு ஓர் அரைகுறைப் பாட்டு இருந்தது. ஒருவர் பாட்டின் சரணத்தோடு மற்றவர் பாட்டின் பல்லவியை ஒட்டி 'விதவுட் யூ' ஆக்கினார்கள். 1970இல் ஒரு தொகுப்பில் கிடந்தது. தனித்தட்டாக அவர்கள் வெளியிடவில்லை. ஹாரி நில்சன் அதைக் கேட்டபோது 'பீட்டில்ஸ்' பாட்டு என்றே நினைத்தார். அவர் பாடிய வடிவம் 1972இல் அமெரிக்காவில் 4 வாரம், பிரிட்டனில் 5 வாரம் முதலிடம். 1994இல் மரையா கேரி பாடியபோது பிரிட்டனில் மறுபடி முதலிடம். அதற்குள் எழுதியவர்கள் இருவரும் இல்லை. குழுவின் பணம் முறைகேடுகளில் முடங்கிய நிலையில் ஹாம் 1975இலும், பங்குத் தகராறுகள் நீடித்த நிலையில் எவன்ஸ் 1983இலும் தற்கொலை செய்துகொண்டார்கள். எல்விஸின் மேலாளரிடம் பார்ட்டன் சொன்ன மறுப்பின் அருமை இந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அவர் பாட்டைத் தந்தார், உரிமையைத் தரவில்லை. ஆகவே விட்னி ஹூஸ்டனின் வெற்றியில் அவருக்கும் பங்கு வந்தது. பாட்டிலிருந்து சந்தர்ப்பம் உதிரட்டும். பத்திரத்திலிருந்து பெயர் உதிரக் கூடாது.

தொகுத்துச் சொல்கிறேன். உணர்ச்சி உண்மையாக இருந்தால் பாட்டு வெற்றி பெறும் என்பது பரவலான நம்பிக்கை. ரூத் லோவின் துயரமும் மக்காலின் காதலும் உண்மையானவைதாம். ஆனால் அந்த உண்மை அவர்களுக்கு எழுத உதவியது. நமக்குக் கேட்க உதவியது வேறு. அவர்கள் காலி செய்துவிட்டுப் போன இடம் நமக்கு உதவியது. பாடகர் குரலாலும் தாளத்தாலும் அந்த இடத்தைப் பெருக்கினார். படம் அதற்குப் புதிய துறை வகுத்தது. கேட்டவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 'அமெரிக்கன் டாப் 40' என்ற பட்டியல் நிகழ்ச்சியில் கேஸி கேஸம் 1978 முதல் நேயர் கடிதங்களைப் படித்து, இன்னார் இன்னாருக்காகக் கேட்கும் பாட்டு என்று ஒலிபரப்பினார். பாட்டில் இல்லாத பெயர்கள் பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்பட்டன.

நமக்கு இது புதிதல்ல. இலங்கை வானொலியிலும் அகில இந்திய வானொலியிலும் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த தலைமுறை இந்த அரங்கில் இருக்கிறது. ஒரு காதல் பாட்டுக்கு முன் ஊர்ப்பெயரோடு வாசித்த அந்த நீண்ட பெயர்வரிசையை நாம் பொறுமையில்லாமல்தான் கேட்டோம். வாரம் தவறாமல் விற்பனையை எண்ணிய நெடுங்காலப் பட்டியல் தமிழ்த் திரைப்பாட்டுக்குக் கிடையாது. விருப்ப அஞ்சலட்டைகள், நிலையங்களின் ஒலிபரப்புப் பதிவேடுகள், இசைத்தட்டு நிறுவனங்களின் உரிமத்தொகைக் கணக்குகள் ஆகியவையே நமக்குச் சான்று. அவை வேகமாக அழிகின்றன. படத்தின் கதை மறந்தும் பாட்டு நிற்பது ஏன் என்பதை ஊகமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கையில் கணக்கு இருந்தால் நிறுவலாம். அகப்பொருள் படிக்கும் மாணவர்களில் இரண்டு பேராவது முனைவர் பட்டத்துக்கு இந்தப் பதிவேடுகளைத் தேடிப் போகவேண்டும். அதற்கு வேண்டிய இலக்கணம் உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.